வீட்டிலே பெருக்கும் அரிய பன்னங்கள்

காண்டற்கரிய நிகழ்ச்சி ஒன்றை 'அத்தி பூத்தாற்போல' என்று சொல்வது நம்மவர் வழக்கம். அத்தி உண்மையிலே பூக்கத்தான் செய்கின்றது. காயென்று நாம் கருதும் உருண்டையின் உள்ளே அதன் பூக்கள் மறைந்திருப்பதால் அவை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, அவ்வளவே. ஆனால் என்றுமே பூவாமலும், காயாமலும், விதை கொள்ளாமலும் முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாக இப்பூமியில் வாழ்ந்துவரும் தாவரக் குலம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனைப் 'பேர்ன்' என்பர். இலங்கைப் பாடநூல்கள் அதனைப் 'பன்னம்' என்று வழங்குகின்றன. தமிழகத்தார் 'பெரணி' என்கின்றனர். நம் சிங்கள அயலவர் 'மீவன' என்கின்றனர். வெள்ளவத்தை வீட்டு விறாந்தையிலே தொங்கும் சட்டியிலும், கொட்டாஞ்சேனையின் பழைய மதிற்சுவர் வெடிப்பிலும், கிணற்றின் உட்புறத்திலும் நாம் நாள்தோறும் காணும் செடிதான் அது. அக்குலத்துள் அரியனவாகிய வகைகளை வீட்டிலேயே பெருக்கிக்கொள்ளும் முறை பற்றியும், அவ்வாறு செய்ய வேண்டியதன் அவசியம் பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

நான் கற்ற துறை தாவரவியல் அன்று, இலக்கியமும் வரலாறுமே. ஆயினும் பன்னத்தைப் பற்றிப் பேசுவதற்கு அது பெருந்தடையாகாது என்றே எண்ணுகின்றேன். ஏனெனில், இச்செடியின் மறைபொருளை உலகுக்கு விளக்கியவர்களுட் பலர் வேறு தொழில் செய்துகொண்டு ஓய்வு நேரத்திலே செடி வளர்த்தவர்கள். அவர்களுட் சிலரை இப்பேச்சின் இடையிடையே சந்திப்போம்.

முதலில் நம் நாட்டின் செல்வத்தைச் சிறிது நோக்குவோம். இலங்கை பரப்பிற் சிறியதாயினும் பன்ன வளத்திற் பெரியது. முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள் இங்கே இயற்கையாக வளர்கின்றன. அவற்றுட் பல உலகின் வேறெப்பகுதியிலும் காணப்படாதவை. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைட்ஸ் என்பவர் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இலங்கைத் தாவரங்களின் பட்டியலிலே பன்னங்களுக்கும் இடமளித்தார். சென்னை மாகாணத்திலே படையதிகாரியாகவும் பின்னர் வன அதிகாரியாகவும் பணியாற்றிய பெடோம் என்பவர் தென்னிந்தியப் பன்னங்களைப் படங்களுடன் நூலாக்கினார். 1883ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கைநூல் இலங்கைப் பன்னங்களையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐரீன் மான்டன் அம்மையாரும் ஸ்லெட்ஜ் என்பவரும் இலங்கைப் பன்னங்களின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்து 1954ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, இத்துறையினர் இன்றும் எடுத்துப் படிக்கும் ஒன்றாகும்.

இப்பன்னங்களுள் ஒன்றை மட்டும் சான்றாகக் கூறுகின்றேன். மரம்போலத் தண்டு கொண்டு நிமிர்ந்து நிற்கும் பன்னங்களை மலைநாட்டிலே பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றின் இலை தென்னோலை போல நீண்டு, மீண்டும் மீண்டும் பிளவுபட்டு, நூற்றுக்கணக்கான சிறு பகுதிகளாக விரியும். ஆனால் சயாதியா சினுவாட்டா என்று பெயர் பெற்ற மரப்பன்னத்தின் இலையோ சிறிதும் பிளவுபடாமல், ஒரு நீண்ட பட்டி போன்றிருக்கும். மெல்லிய தண்டின் உச்சியிலே இத்தகைய இலைகளைச் சூடி நிற்கும் இச்சிறு மரம் நம் தென்மேற்குத் தாழ்நில மழைக்காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. அக்காடுகள் குறுகக் குறுக அதுவும் அருகி வருகின்றது.

அரியது என்றால் ஆசை பிறப்பது மனித இயல்பு. அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து ஒரு படிப்பினை. அக்காலத்திலே அந்நாட்டு மக்களைப் பன்னப் பித்து ஒன்று பற்றிக்கொண்டது. சீமாட்டிகளும் பாதிரிமாரும் பள்ளி மாணவரும் கூடையும் கரண்டியும் கொண்டு மலைச்சாரல்களை நாடினர். 1855ஆம் ஆண்டு சார்ள்ஸ் கிங்ஸ்லி என்னும் எழுத்தாளர் இப்பித்துக்கென்றே ஒரு பெயரைப் புனைந்தார் என்றால் அதன் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். அயர்லாந்தின் கில்லார்னிப் பகுதியிலே அருவியோரப் பாறைகளில் வளர்ந்த மென்படலப் பன்னம் ஒன்று, விற்பனைக்காகவும் வீட்டு அழகுக்காகவும் பிடுங்கப்பட்டுப் பிடுங்கப்பட்டு, பல இடங்களில் அடியோடு அற்றுப்போயிற்று. அதனை அழித்தவர்கள் அதனை வெறுத்தவர்கள் அல்லர்; அதன்மீது அளவிலா அன்பு வைத்தவர்களே.

நேயர்களே, இக்கதை நமக்கு அந்நியமானதன்று. விடுமுறைக்கு மலைநாடு செல்கின்றோம். பாதையோரப் பாறையிலே பனிநீர் சொட்டச் சொட்ட ஒரு பன்னம் தலையசைக்கின்றது. அதனை வேரோடு பெயர்த்து, பொலித்தீன் பையிலிட்டு, கொழும்புக்குக் கொண்டுவருகின்றோம். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவினது. கொழும்பின் சராசரியோ 27 பாகை. குளிர்ந்த இரவுகளிலே பிறந்து வளர்ந்த அச்செடி, கடற்கரை நகரின் புழுக்கத்திலே சில கிழமைகள் தவித்து மாண்டுபோகின்றது. செடி மாண்டாலும் ஆசை மாள்வதில்லை. அடுத்த பயணத்திலே இன்னொன்று வருகின்றது. இவ்வாறு ஒரு வீட்டுக்கு ஒரு செடி என்று கணக்கிட்டாலும், பாறை வெறுமையாவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை.

ஆகவே இன்று நான் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. அரிய பன்னத்தின்மீது ஆசைகொண்டவர், அச்செடியை நாடாது அதன் இலையின் அடியிலுள்ள தூளை நாட வேண்டும். அத்தூளையும் காட்டிலிருந்து அன்றி, ஏற்கெனவே அதனை வளர்க்கும் ஒருவருடைய வீட்டிலிருந்தே பெறவேண்டும். ஒதுக்கக் காடுகளிலும் தேசிய பூங்காக்களிலும் அனுமதியின்றிச் செடியையோ செடியின் பகுதியையோ எடுப்பது சட்டப்படி குற்றமாகும். நண்பரின் சட்டியிலுள்ள ஒரு முதிர்ந்த இலையைப் பெறுவதற்கோ எந்தச் சட்டமும் தடையில்லை. அவ்வோர் இலையிலிருந்து ஒரு தெருவுக்கே போதுமான செடிகளை உண்டாக்கலாம். செடியை இப்படிப் பெறுகின்ற ஒவ்வொரு வீடும், காட்டிலிருந்து பிடுங்கிய செடியை விலைகொடுத்து வாங்காத ஒரு வீடாகும்.

இது எவ்வாறு இயலும்? விதையற்ற செடி எங்ஙனம் பெருகுகின்றது என்னும் கேள்வி பழங்காலத்தவரையும் மயக்கியது. கண்ணுக்குப் புலனாகாத விதை அதற்கு உண்டு என்றும், அவ்விதையைக் கையில் வைத்திருப்பவரும் பிறர் கண்ணுக்குப் புலனாகார் என்றும் ஐரோப்பிய நாட்டுப்புற மக்கள் நம்பினர். அந்த மயக்கத்தைத் தீர்க்க முன்வந்தவர், ஜமெய்க்காத் தீவிலே வைத்தியராயிருந்த ஜோன் லின்ட்சே. பன்னத்தின் இலைத் தூளை அவர் மண்ணிலே தூவி, அது படிப்படியாக முளைத்துச் செடியாவதை உருப்பெருக்கியால் நோக்கி, தம் அவதானிப்புக்களை 1794ஆம் ஆண்டு வெளியிட்டார். முழு வாழ்க்கை வட்டத்தையும் தெளிவாக விளக்கியவர், ஜெர்மனியின் லைப்சிக் நகரிலே தந்தையின் புத்தக, இசைநூல் வணிகத்திலே பணியாற்றிய ஹொஃப்மைஸ்டர். அவருடைய நூல் 1851ஆம் ஆண்டு வெளிவந்தது. அதிகாலையிலே நுணுக்குக்காட்டியும் பகலிலே கடையுமாக வாழ்ந்தவர் அவர்.

அவர்கள் கண்ட உண்மை இதுதான். முதிர்ந்த பன்ன இலையைத் திருப்பிப் பாருங்கள். பொட்டுப் பொட்டாகவோ, கோடு கோடாகவோ, ஓரத்தை மடித்துத் தைத்தது போலவோ கபில நிறத் திட்டுக்கள் காணப்படும். நோயோ பூச்சியோ என்று அஞ்சி அவற்றைச் சுரண்டி எறிபவரும் உளர். அவை வித்திகளைத் தாங்கிய கலன்களின் தொகுதிகள். பெரும்பாலான பன்னங்களிலே ஒரு சிறு கலனுள் 64 வித்திகள் இருக்கும். கலன் உலரும்போது அதன் முதுகிலுள்ள வளையம் வில்போல் பின்னே வளைந்து, பின் சட்டென்று மீண்டு, வித்திகளைக் காற்றிலே வீசுகின்றது. ஈரமும் ஒளியும் உள்ள இடத்தில் விழுந்த வித்தி முளைத்தால், உடனே பன்னச் செடி உண்டாவதில்லை. சிறுவிரல் நகத்திலும் சிறிய, இதயம் போன்ற வடிவுடைய பச்சைத் தகடொன்று உண்டாகின்றது. இதனைப் புணரித்தாவரம் என்பர். ஆண் அணுவும் பெண் அணுவும் இத்தகட்டின் அடிப்புறத்திலே தோன்றுகின்றன. ஆண் அணு நீரிலே நீந்திச் சென்று பெண் அணுவை அடைந்தாலன்றிப் புதுச்செடி பிறவாது. ஒரு நீர்த்துளி இல்லையேல் ஒரு பன்னம் இல்லை. பன்னம் ஈரத்தை விட்டு அகலாத செடியாய் இருப்பதன் காரணம் இதுவே.

நம் உயர்தர வகுப்பு மாணவர்கள் நெப்ரொலெப்பிஸ் என்னும் பன்னத்தின் வாழ்க்கை வட்டத்தைப் படம் வரைந்து படிக்கின்றனர். அந்தப் பச்சைத் தகட்டைக் கண்ணாற் கண்ட மாணவர் எத்தனை பேர்? ஒரு ஜாம் போத்தல் அதனை வீட்டு மேசைமீதே காட்டிவிடும்.

போத்தல் என்றதும் மற்றொருவரை நினைவுகூர வேண்டியுள்ளது. நதானியல் வார்ட் என்னும் வைத்தியர் இலண்டனின் துறைமுகத்தை அண்டிய பகுதியிலே வாழ்ந்தவர். அவர் தம் வீட்டு முற்றத்திலே வளர்த்த பன்னங்கள் நிலக்கரிப் புகையால் மடிந்தன. 1829ஆம் ஆண்டளவிலே, அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈரமண்ணிலிட்டு, மூடிய போத்தலொன்றில் வைத்திருந்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்டது, அம்மண்ணிலே தானாக முளைத்த ஒரு சிறு பன்னத்தை. பகலில் மண்ணிலிருந்து எழும் நீராவி கண்ணாடியிலே படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்க, வெளியே புகையால் வாழமுடியாத செடி உள்ளே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. அவ்வனுபவத்திலிருந்து பிறந்தவையே வார்ட் பெட்டிகள் எனப்படும் கண்ணாடிப் பெட்டிகள். 1876ஆம் ஆண்டு கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த இறப்பர் நாற்றுக்கள் அத்தகைய பெட்டிகளிலேதான் கடல் கடந்தன. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. துறைமுகத்தை அண்டிய நெருக்கமான வீட்டிலே, தோட்டம் என்று சொல்ல ஒரு சாண் நிலமுமின்றிப் பிறந்த இம்முறை, துறைமுகத்தை அண்டிய நம் கொட்டாஞ்சேனைக்குப் பொருந்தாதிருக்குமா?

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, வித்தி சேகரித்தல். பொட்டுக்கள் பச்சையாயிருப்பின் முற்றவில்லை. கந்தல்போற் கலைந்திருப்பின் வித்திகள் போய்விட்டன. கருங்கபில நிறமாய்ச் சற்றுப் புடைத்து மினுங்கும் பருவமே ஏற்றது. அப்பருவத்து இலையின் ஒரு துண்டை வெட்டி, பொட்டுள்ள பக்கம் கீழே இருக்குமாறு வெள்ளைக் கடதாசியில் வைத்து, மேலே இன்னொரு கடதாசியால் மூடி, காற்றோட்டமில்லாத உலர்ந்த இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். இலையை எடுக்கும்போது கடதாசியிலே அதன் உருவம் தூளால் அச்சிட்டதுபோல் இருக்கும். கடதாசியைச் சிறிது சாய்த்து மெல்லத் தட்டினால், பருமனான சருகுத் துகள்கள் முதலில் உருண்டோடும். மெல்லிய வித்திகள் கடதாசியில் ஒட்டிநிற்கும். சருகைக் களைந்துவிடுங்கள், பூஞ்சணம் பிடிப்பது அதிலேதான். கபில நிற வித்திகளைக் கடித உறையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெடுநாள் உயிரோடிருக்கும். மென்படலப் பன்னங்கள் முதலிய சிலவற்றின் வித்திகள் பச்சை நிறமுடையவை. அவற்றின் ஆயுள் நாட்கணக்கினது. தாமதமின்றித் தூவிவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெள்ளிப் பன்னம் என்று நம் சிறுவர் கையில் அழுத்தி வெண்ணிற அச்சுப் பதிக்கும் பன்னத்தை அறிவீர்கள். அதன் இலையடியிலுள்ள வெள்ளைப் பொடி வித்தியன்று. இலை சுரக்கும் மெழுகு போன்ற ஒரு பொருள். அதனைத் தூவிவிட்டு மாதக்கணக்கிற் காத்திருப்பதால் பயனில்லை. அப்பொடியினூடே கருமையாய்த் தெரிவனவே வித்திக்கலன்கள்.

இரண்டாவது, படுக்கை அமைத்தல். மூடியுள்ள தெளிந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கொதிநீரிற் கழுவிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மலிவாய்க் கிடைக்கும் தும்புத்தூளிலே உப்பு இருக்கலாமாதலின், அதனை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்து, உக்கிய இலைமண்ணும் சிறிது மணலும் கலந்து, போத்தலில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு இடுங்கள். அதன்மேல் கொதிக்கும் நீரை ஊற்றி, மூடி, ஆறவிடுங்கள். மண்ணிலே முன்பே உறங்கும் பாசி, பூஞ்சணம், வேற்றுப் பன்ன வித்திகள் யாவும் இதனால் ஒழியும். மிகுந்த நீரை வடித்துவிடுக. பழைய தோட்டக்காரர் கையாண்ட இன்னொரு முறையும் உண்டு. நன்றாகக் கொதிக்கவைத்த செங்கல் ஒன்றை ஆழமில்லாத தட்டிலே நீரில் நிறுத்தி, அதன் மேற்புறத்தில் வித்தியைத் தூவி, கண்ணாடிப் பாத்திரத்தாற் கவிழ்த்து மூடுவது. செங்கல் தானே நீரை உறிஞ்சி வேண்டிய ஈரத்தைத் தரும்.

இரண்டாம் முறையை விரும்புவோர் கொழும்பிலே ஒன்றை மறக்கலாகாது. தேங்கிய நீர் டெங்கு நுளம்பின் தொட்டில். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை சொச்சம் போதும். ஆகவே தட்டு நீரைக் கிழமைக்கு இருமுறையாவது கொட்டி, தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீரைக் கொட்டுவதால் மாத்திரம் நீங்கா. மூடிய போத்தலிலே இத்தொல்லை இல்லை. தொடர்மாடியில் வாழ்பவர்க்குப் போத்தலே உத்தமம்.

மூன்றாவது, தூவுதல். காற்றாடியை நிறுத்திவிடுங்கள். கத்தி முனையிலே எடுக்கும் மிகச்சிறு அளவு தூள் போதும். நெருங்கத் தூவினால் தகடுகள் ஒன்றையொன்று நெரித்து, பெண் அணு தோன்றுமளவுக்கு வளராமற் போகும். தூளின்மேல் மண் போடவேண்டாம். இது ஒளியிலே முளைப்பது. மூடியை இறுக்கி, வகையின் பெயரையும் தூவிய நாளையும் எழுதி ஒட்டி, நேர்வெயில் படாத வெளிச்சமான யன்னலோரத்தில் வையுங்கள். மூடிய போத்தலில் அரைமணி நேரம் வெயில் பட்டால் உள்ளே இருப்பது வெந்துபோகும்.

நான்காவது, காத்திருத்தல். இதுவே கடினமான பகுதி. இரண்டு கிழமை தொடக்கம் ஆறு கிழமைக்குள் மண்ணின்மேல் பச்சை மூட்டம் ஒன்று படரும். இரண்டு மூன்று மாதத்தில் இதயத் தகடுகள் தெரியும். அவ்வேளையில் ஆறவைத்த கொதிநீரையோ, சுத்தமான மழைநீரையோ மெல்லிய தூவலாகத் தெளித்து, தகடுகளின் அடி நனையச் செய்யுங்கள். ஆண் அணு நீந்துவதற்கு நீங்கள் அமைக்கும் ஆறு அது. கிழமைக்கு ஒருமுறை செய்தால் போதும். சில மாதங்களில் தகட்டின் அடியிலிருந்து மிகச்சிறிய இலையொன்று சுருள் அவிழ்ந்து நிமிரும். அது தாய்ச்செடியின் இலைபோலிராது. ஐந்தாறு இலை வந்தபின்னரே குல அடையாளம் தெரியும். பெருவிரல் உயரம் வந்ததும் ஈர்க்கு முனையாற் கிளப்பி, தனித்தனிச் சிறு சட்டியில் நட்டு, சில நாள் மூடிவைத்து, பின் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். தூவிய நாள்முதல் சட்டியில் நிலைக்கும் நாள்வரை ஓராண்டுக்குக் குறையாது.

எல்லாப் பன்னங்களுக்கும் இவ்வளவு காத்திருப்பு வேண்டியதில்லை. நெப்ரொலெப்பிஸ் நூல்போன்ற தண்டுகளை ஓடவிட்டு ஆங்காங்கே குட்டி போடும். நம் நாட்டிலே இயற்கையாய் வளரும் அடியாந்தம் கோடாட்டம் என்னும் பன்னம், இலைநுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு, அடிமேல் அடி வைத்து நடப்பதுபோற் பரவும். ஆஞ்சியொப்தெரிஸ் என்னும் பெரும்பன்னத்தின் இலைக்காம்பு அடியிலே சதைப்பற்றுள்ள செவிபோன்ற இரு செதில்கள் உண்டு. அவற்றைப் பிரித்து ஈரமணலிற் பதித்தால் மெல்ல மெல்லத் துளிர்க்கும். மான்கொம்புப் பன்னம் பக்கத்தே ஈனும் குட்டிகளைப் பிரித்து நடலாம். மரக்கிளைகளிலிருந்து சடைபோல் தொங்கும் ஹூபர்சியா என்னும் இனமும் நம்மவர் பெரிதும் விரும்புவது. பன்னத்தின் தூரத்து உறவு அது. அதன் வித்தி மண்ணுள்ளே பூஞ்சணத்தின் துணையோடு ஆண்டுக்கணக்கில் வளர்வதாதலின் போத்தல் முறை உதவாது. தொங்கும் நுனியை ஈரத் தும்பிலே பதித்து, வேர்விட்டபின் வெட்டியெடுப்பதே வழி. இது பெருகுவதில் மிகத் தாமதமானது என்பதனாலேயே, காட்டிலிருந்து பறித்ததை வாங்காமலிருப்பது இதன் பொருட்டு மிகமிக அவசியமாகின்றது.

ஒருசில பன்னங்கள் வித்தி தருவதேயில்லை. பார்பேடோஸ் தீவின் பார்லி தோட்டத்திலே தோன்றிப் புகழ்பெற்ற அடியாந்தம் ஒன்று மலட்டினம். உலகெங்கும் பரவியதெல்லாம் வேரைப் பிரித்தே. சுருண்டும் கிளைத்தும் அழகுகாட்டும் ஒட்டு வகைகளின் வித்தியிலிருந்து வரும் பிள்ளைகள் தாயைப் போலிருக்கும் என்பதும் நிச்சயமில்லை. வித்தியோ, பிரிப்போ என்று முன்பே அறிந்து தொடங்குவது நலம்.

எதிலே தொடங்குவது? குளிர்மலைப் பன்னங்களை விட்டுவிடுங்கள். அவற்றைக் காண ஹக்கலைப் பூங்காவும் பேராதனையும் உண்டு. கொழும்பின் வெப்பத்துக்கு இயைந்தவை பல. பறவைக்கூடு போன்ற அஸ்பிளேனியம் நைடஸ், வெள்ளிக் கோடு ஓடிய இலையுடைய தெரிஸ் ஆர்ஜிரியா, அகன்ற சிற்றிலைகளையுடைய அடியாந்த வகைகள், ஓக் இலை போன்ற தாங்கிலையுடைய டிரைனேரியா ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். அதற்கும் முன், பழகுவதற்காக, மதிலின் காரைவெடிப்பில் தானே வளரும் தெரிஸ் விட்டாட்டாவின் வித்தியைத் தூவிப் பாருங்கள். ஒருவரும் நடாமலே கொழும்பின் சுவர்களைப் பற்றிய அச்செடி, மண்ணிலுள்ள நச்சாகிய ஆர்செனிக்கை உறிஞ்சித் தன் இலைகளிலே சேர்க்கும் ஆற்றலுடையது என்று 2001ஆம் ஆண்டு அறிஞர்கள் கண்டனர். நாம் பொருட்படுத்தாத மதிற்செடியின் பெருமை அது.

இடத்துக்கேற்ற சில குறிப்புக்கள். வெள்ளவத்தையிலே கடலை நோக்கிய பலகணியில் உப்புக்காற்று இளம் இலைநுனியைக் கருக்கும். வீட்டின் மறுபக்கமோ, மறைப்புத் தட்டியின் பின்புறமோ ஏற்றது. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் நடுமுற்றமும் குளியலறை யன்னலும் பன்னத்துக்கு வாய்த்த இடங்கள். குழாய்நீரை ஓரிரவு வைத்திருந்து ஊற்றுவது நல்லது. வைத்த பாத்திரத்தை மூடிவைக்க மறவாதீர்கள். நத்தையும் ஓடில்லா நத்தையும் ஓரிரவில் ஓராண்டு உழைப்பை மேய்ந்துவிடும். நாற்றுச் சட்டிகளை உயர்த்தி வையுங்கள். ஓர்க்கிட் நடுவதற்கென்று மரப்பன்னத் தண்டின் துண்டுகள் விற்கப்படின் வாங்காதீர்கள். மரப்பன்னங்கள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தென்னந்தும்பும் உரிமட்டையும் அதே பணியைச் செவ்வனே செய்யும்.

மற்றுமொன்று. வீட்டிலே பெருக்கிய செடியைக் கொண்டுபோய்க் காட்டிலே நடுவது புண்ணியம் என்று எண்ணுவோர் இருக்கலாம். அது அறிஞர்களின் கண்காணிப்பிலே செய்யவேண்டிய காரியம். எவ்வூர் வகையென்று அறியாத செடியும், சட்டி மண்ணோடு செல்லும் நோயும் காட்டுக்குக் கேடே தரும். காடு தன் செடியைத் தானே பெருக்கிக்கொள்ளும். நாம் பிடுங்காதிருந்தால் போதும். வீட்டுச் செடி வீட்டாருக்கே உரியது, அயல்வீட்டாருக்கும் உரியது.

அயல்வீடு என்றதை வெறும் உபசாரமாகக் கூறவில்லை. ஒரு போத்தலிலே நூறு நாற்று முளைத்தால், நமக்கு வேண்டியது இரண்டோ மூன்றோ. எஞ்சியவற்றைப் பெயரும் நாளும் எழுதிய சீட்டோடு பிறருக்குக் கொடுங்கள். ஒரே வீட்டில் உள்ள அரிய செடி, அவ்வீட்டார் ஊருக்குப் போன ஒரு மாதத்திலே அழிந்துபோகலாம். பத்து வீட்டில் உள்ள செடிக்கு அவ்வச்சம் இல்லை. நம் வீட்டுச் செடி மடிந்த காலத்திலே, நாம் கொடுத்த செடியின் இலையொன்று நமக்கே திரும்பி வரும். மொழியும் இனமும் வேறான அயலவரோடு பேசத் தொடங்குவதற்கும் மதிலின்மேல் நீட்டும் ஒரு சிறு சட்டியைப் போல் உதவுவது வேறில்லை.

முதிர்ந்த ஓர் இலைத்துண்டு, ஒரு வெள்ளைக் கடதாசி, ஒரு பழைய போத்தல், ஓராண்டுப் பொறுமை. இவற்றுக்கு மேல் இக்கலை எதனையும் கேட்பதில்லை. வருகின்ற விடுமுறையில் மலைநாடு செல்லும்போது, பாறையிலே பனிநீர் சொட்ட நிற்கும் பன்னத்தைக் கண்குளிரக் கண்டு, அங்கேயே விட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கும் அதன் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். வீடு திரும்பியபின் நண்பர் ஒருவரிடம் ஓர் இலை கேளுங்கள்.